எழுபத்தாறு வயது மாப்பிள்ளை

மசாகா ஊரில் எரிசா செபுலிபாவைத் தெரியாதவர்கள் குறைவு. நாற்பது வருடம் காப்பிக்கொட்டை லாரி ஓட்டியவர். எழுபத்தொன்றாம் வயதில் நபுகாபோ ஏரியில் பொடிப் பிள்ளைகளோடு இறங்கி நீச்சல் கற்றார். மனைவி இறந்து ஆறு வருடம் கழித்து, எழுபத்தாறில், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்றார்.

மகன் வலுசிம்பிக்கு அன்றே ரத்த அழுத்தம் எகிறியது. ஐம்பத்திரண்டு வயது, பள்ளித் தலைமையாசிரியர். தலை முழுக்க நரை, சட்டைப்பையில் எந்நேரமும் மாத்திரை. பள்ளிக்கூடத்துக் கவலைகளையெல்லாம் சுமந்து சுமந்து முதுகு லேசாக வளைந்துவிட்டது.

"சத்தமில்லாம சர்ச்சுல முடிச்சுக்கலாமேப்பா? ஊரையே கூட்டிக்கிட்டு பொண்ணு வீட்டுக்குப் போகணுமா?"

"முதல் தடவை போனப்போ பயத்துல ஒண்ணையும் பார்க்கலடா. இந்தத் தடவையாவது கண்ணாரப் பார்க்கணும்."

பெண் ராபினா. அறுபத்தாறு வயது, கலுங்கு சந்தையில் காய்கறி விதை விற்கிறவள். அவளுக்குச் சம்மதம்தான். சிக்கல் அவள் மகன் லுட்டாயா. தகப்பன் இல்லாத வீட்டில் அவன் சொல்தான் கடைசிச் சொல். அவன் சந்தையிலேயே நின்று சொல்லிவிட்டான்: "எங்கப்பா ஒம்பது வருஷம் படுத்த படுக்கை. அம்மாதான் தூக்கி உட்கார வச்சா. இன்னொரு கிழவருக்கு ஆயா வேலை பார்க்க அவளை அனுப்பமாட்டேன். வரட்டும். தள்ளாடினார்னா வந்த கூட்டத்தோட திருப்பி அனுப்பிடுவேன்."

இதைக் கேட்டு எரிசா கோட்டுத் தைக்கக் கொடுத்தார். வலுசிம்பிக்குத்தான் தூக்கம் போயிற்று. அப்பாவை நாலு பேர் முன்னால் திருப்பி அனுப்பினால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? மூன்று வாரம் இதே நினைப்பு.

சனிக்கிழமை, கல்யாணத்துக்கு முந்தைய பெண் கேட்கும் சடங்குக்காக, கலுங்குவில் பெண் வீட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்தார்கள். ஆண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி, கறுப்புக் கோட்டு. கூட்டத்தில் கலந்திருக்கும் மாப்பிள்ளையைப் பெண்ணின் அத்தை கண்டுபிடித்துக் கோட்டில் பூ குத்த வேண்டும்; அதுதான் முறை. அறுபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அத்தைக்கு எங்கே போவது? எல்லோரும் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டார்கள். அதனால் அத்தை இடத்தில் நிற்க ஒன்றுவிட்ட அக்கா நமுலி, முபெண்டேயிலிருந்து அன்று காலைதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். மாப்பிள்ளையை அவள் பார்த்ததே இல்லை. ஆள் கிழவர் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

நமுலி பூவோடு வந்தாள். இரண்டாம் வரிசையில் மொட்டையடித்த தலையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, மேளத்துக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் எரிசா. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினாள். வலுசிம்பி முன்னால் வந்ததும் நின்றாள். அவர் குனிந்தபடி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம், எந்திரிக்க வேண்டாங்கய்யா, உட்காருங்க," என்று சொல்லிப் பூவைக் குத்திவிட்டாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். லுட்டாயா எழுந்தான். மாப்பிள்ளையை அவனும் பார்த்ததில்லை.

"நான் சொன்னேனா இல்லையா? உட்கார்ந்த இடத்துலயே மூச்சு வாங்குது! ஐயா, நீங்க நல்லவராத்தான் இருப்பீங்க. எழுந்து வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க."

வலுசிம்பி பூவைப் பிடுங்கப் பார்த்தார்; ஊசி கோட்டில் சிக்கிக்கொண்டது. அப்பாவின் கல்யாணம் தன்னால் கெட்டது என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. அதற்குள் இரண்டாம் வரிசையிலிருந்து பெரிய சிரிப்பு கேட்டது.

"தம்பி, அவன் என் மகன்!"

எரிசா நாற்காலிகளுக்கு நடுவே விறுவிறுவென்று வந்தார். முறைப்படி லுட்டாயாவின் முன் மண்டியிட்டார். கையை ஊன்றாமல் எழுந்தார்.

"என்னைத் தூக்கி உட்கார வைக்க உங்கம்மா வேண்டாம்ப்பா. சமையல்கூட நான்தான். அவங்க உட்கார்ந்து குறை சொன்னாப் போதும்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். ராபினாதான். பெண் வெளியே வருவதற்கு முன் சத்தம் காட்டக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. லுட்டாயா வீட்டு வாசல் பக்கம் திரும்பினான். அம்மா இப்படிச் சிரித்து அவன் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிசாவைப் பார்த்தான், வலுசிம்பியைப் பார்த்தான், மறுபடி எரிசாவைப் பார்த்தான்.

"சரி, கூட்டிக்கிட்டுப் போங்க. அம்மாவை நீங்க பார்த்துக்குவீங்க, எனக்குக் கவலையில்லை. ஆனா வீட்டுல இருக்கிற பெரியவரையும் கொஞ்சம் கவனிச்சுக்கங்க," என்று வலுசிம்பியைக் காட்டினான்.

பந்தலே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது வலுசிம்பிதான். மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. சிரித்து ஓய்ந்து அப்பாவின் பக்கம் சாய்ந்தார்.

"அப்பா, கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"ஆறு வாரம். ஏன்டா?"

"அதுக்குள்ள நான் உங்க வயசுக்காவது இறங்கி வரணும்."