சக்கை மேல் பழகிய கால்கள்

கபடியை நான் ஆசைக்கு ஆடினேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆசைக்கு ஆடுகிறவர்களுக்கு வீட்டில் சோறு இருக்கும். நான் வேலைக்கு ஆடினேன். பல்கலைக்கழக டீமில் ஆடியிருந்தால் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்று எங்கள் காலேஜ் பி.டி. சார் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மா கச்சிராயபாளையத்தைச் சுற்றியுள்ள காடுகளில் கரும்பு வெட்டப் போகிறவள். அவள் கையிலிருக்கும் கத்தியைப் பிடுங்கிப் பரணில் போட வேண்டும். அவ்வளவுதான் என் கபடி.

டீமில் எதிராளி பக்கம் பாடிப் போகிறவள் நான். இடது கார்னரில் நிற்பவள் வெள்ளிமலைப் பக்கத்துக்காரி, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவள் ஒருத்தியின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள், உடும்புப் பிடி. அப்போது சுற்றுவட்டாரக் காலேஜ்கள் எல்லாம் ஒரே மண்டலம். டவுன் பஸ்ஸில் போய், மண்ணில் வெறுங்காலோடு ஆடி, வெயில் சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். அந்த மண்டலத்தில் ஜெயித்தால் பல்கலைக்கழக டீம் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். நாங்கள் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தோம்.

காலேஜ் கபடியை டிவியில் காட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று குதித்தோம். ஒரு நாள் பி.டி. சார் எங்களை மைதானத்தில் உட்காரவைத்தார். அவர் முகம் சரியில்லை.

"பாருங்கம்மா, இனிமே நம்ம மண்டலமே கெடையாது. டிவிக்காரங்க பணம் குடுக்குறாங்க. பெரிய டவுனு காலேஜுங்கள எல்லாம் ஒண்ணா சேத்து முதல் பிரிவுன்னு வச்சிக்கினாங்க. அத மட்டுந்தான் காட்டுவாங்க. யூனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கவும் அங்கதான் வருவாங்க."

"அப்ப நாம சார்?" என்றேன்.

"மிச்சம் மீதியோட கெடக்கணும். ஒரே ஒரு எடம் காலியா கீது. அதுக்கு ஒரு மேட்ச் வச்சிகிறாங்க, அதயும் டிவில காட்டுவாங்க. ஜெயிச்சா உள்ள, தோத்தா வெளிய."

"நாம ஆடி ஒரு நாளும் பாக்காதவங்க எப்டி சார் நம்மள மிச்சம்னு சொல்றாங்க?" என்று மலைக்காரி கேட்டாள். கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது கலெக்டர் ஆபீஸாவது கிட்டே வந்தது. மண்டலத்தைப் பிரித்ததும் நாங்கள் ஆடிய ஆட்டமே எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பார்கள். கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் பாய அதற்கு வழி தெரியவில்லை போலிருக்கிறது.

அந்த மேட்ச் மண்ணில் இல்லை, மேட் மேல். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் விரிப்பு அது. மண்ணில் ஆடினால் டிவியில் எடுப்பாக இருக்காதாம். எங்கள் காலேஜில் மேட் கிடையாது. நாங்கள் யாரும் அதன் மேல் நின்றதும் கிடையாது. சாரும் டிவியில் பார்த்ததோடு சரி.

எங்களுக்குத் தெரிந்த வழியில் நாங்களே ஒன்று செய்தோம். அம்மாவின் வெட்டுக் கூட்டத்தில் சொல்லி, வெல்லம் காய்ச்சுகிற இடத்திலிருந்து காய்ந்த கரும்புச் சக்கை ஒரு டிராக்டர் கொண்டுவந்தோம். அதைப் பரப்பி மிதித்தோம். மலைக்காரி ஊருக்குப் போய், மரவள்ளி காயவைக்கும் பெரிய படுதாவைப் பஸ் மேல் போட்டு எடுத்துவந்தாள். சக்கை மேல் படுதாவை இழுத்துக் கட்டி ஓரமெல்லாம் கல் வைத்தோம். சார் ஏறி நின்று குதித்துப் பார்த்தார்.

"மேட்டு மாதிரியே கீதும்மா," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை.

மேட்டில் ஷூ போட்டுத்தான் ஆட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். சார் எப்படியோ வாங்கியும் வைத்திருந்தார். ஆனால் ஷூ போட்டு ஆடினால் படுதா கிழிந்துவிடும், அது ஊரான் வீட்டுப் படுதா. அதனால் வெறுங்காலோடே பழகினோம். படுதாவில் கால் வழுக்கும். அந்த வழுக்கலையே நான் வித்தையாக்கிக்கொண்டேன். எதிராளியைத் தொட்டதும் காலை ஊன்றி உடம்பைத் திருகினால் பாதம் தானாகச் சறுக்கித் திரும்பும், ஒரே மூச்சில் நடுக்கோட்டுக்கு வந்துவிடுவேன். என்னைப் பிடிக்க மலைக்காரியாலேயே முடியவில்லை. "ஒன்ன இனிமே போலீசுதான்டி புடிக்கணும்," என்று சிரித்தாள்.

மேட்ச் நடந்த ஊரின் அரங்கத்தில் பகலிலேயே அத்தனை விளக்கு. ஷூவை மாட்டி மேட்டில் நடந்தபோது காலை யாரோ கீழேயிருந்து பிடித்து வைத்திருப்பது போலத் தெரிந்தது. சாரிடம் சொன்னேன். "ஆட ஆட சரியாப் பூடும்," என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் அது புதுசுதான்.

காலை ஊன்றித் திருகாமல், பயந்து பயந்துதான் பாடிக்கொண்டிருந்தேன். அப்படியும் ஈடுகொடுத்து ஆடினோம். கடைசியில் ஆட்டம் சமமாக நின்றது. கடைசி ரைடு என்னுடையது. பயம் போய்விட்டிருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு, கபடி கபடி என்று பாடியபடி உள்ளே போனேன். மூலையில் நின்றவளின் தோளைத் தொட்டேன். காலை ஊன்றி, சக்கை மேல் பழகியபடி உடம்பைத் திருகினேன். உடம்பு திரும்பியது. ஷூ மேட்டைக் கவ்விக்கொண்டு நின்றது, பாதம் திரும்பவேயில்லை. முட்டிக்குள் ஏதோ அறுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"அம்மா" என்று கத்தினேன்.

கபடியில் பாட்டை விட்டால் அவுட். வாயில் வேறு எந்தச் சொல் வந்தாலும் அவுட்தான், அது அம்மாவாக இருந்தாலும். நடுவர் விசிலடித்தார். அவர் செய்தது சரி. எதிர் டீமுக்கு ஒரு புள்ளி, அந்த ஒரு புள்ளியில் தோற்றோம். கோட்டுக்கு எட்டிய தூரத்தில்தான் கிடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு தடவை கபடி என்று சொல்லிக் கையை நீட்டியிருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அம்மா அன்றைக்கு வேலைக்காட்டில் இருந்தாள். வெட்டுக் கூட்டம் மொத்தமும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "நீ கீழ வுயுந்த. ஒடனே சோப்பு வெளம்பரம் போட்டுட்டானுங்க. ஒனக்கு இன்னா ஆச்சின்னு தெரில. வெளம்பரம் முடிஞ்சா காட்டுவாங்கன்னு அந்த சோப்பையே பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன்."

காட்டவில்லை.

வலது முட்டி ஜவ்வு கிழிந்திருந்தது. இன்சூரன்ஸ் கார்டில் ஆபரேஷன் நடந்தது. நடக்க முடிகிறது, ஓட முடியாது. ஓடாதவளுக்குப் போலீஸில் என்ன வேலை? மிச்சம் மீதிப் பிரிவில் ஆட எங்கள் காலேஜ் டீமே அனுப்பவில்லை. மலைக்காரி படிப்பை விட்டுவிட்டு வீட்டாரோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாள். எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். சாயங்காலம் முட்டி வீங்கிவிடும். பஸ் படியில் இடது காலை வைத்துத்தான் ஏறுவேன். கத்தி இன்னும் பரணுக்குப் போகவில்லை. காலையில் அம்மா அதைத் தீட்டுகிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வருகிறது. சில நாள் அந்தச் சத்தம் கேட்காத செவிடியாக இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

போட்டி தொடங்கப்போகும் காலம் வந்தால் அந்தச் சேனல் ஒரு விளம்பரம் போடுகிறது. அதில் நான் வருகிறேன். கையைத் தூக்கிக்கொண்டு பாடியபடி உள்ளே போகிறேன், மூலையில் நிற்பவளின் தோளைத் தொடுகிறேன், காலை ஊன்றுகிறேன். அங்கே வெட்டிவிட்டுச் சேனலின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது அம்மா போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்புச் சோகை கிழித்த விரலால் திரும்பத் திரும்பத் தட்டினாள்.

"இதுல மட்டும் நீ கீழ வுயவே மாட்டேங்கிறியே," என்றாள். மறுபடியும் தட்டினாள்.