பொமரேனியனுக்குக் கம்பளி

எண்பதுகளின் தொடக்கத்தில் வில்லாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் மேனேஜர். ஸ்கூட்டரும் ஃபிரிட்ஜும் வாங்கிய கையோடு அவருக்கு ஒரு பொமரேனியன் நாய் தேவைப்பட்டது. முதலாளி வீட்டில் ஒன்று இருந்ததைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. புசுபுசுவென்று இருந்த குட்டிகளை விட்டுவிட்டு, முடி குட்டையாக உடம்போடு ஒட்டியிருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது ஷார்ட் கோட்டும்மா. எப்பவாவதுதான் இப்படிப் பிறக்குமாம். சீவ வேண்டாம், சிக்கெடுக்க வேண்டாம், நம்ம ஊரு வெயிலுக்கு இதுதான் லாயக்கு" என்றார் என்னிடம். அங்கே குடியிருந்த வரைக்கும் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு அது. மனைவியிடம் தமிழில் எரிந்து விழுகிற மனிதர், நாயிடம் மட்டும் இங்கிலீஷில் குழைவார்.

ஒரு வாரம் போயிருக்கும். பால்காரர் அதைப் பார்த்துவிட்டு, "தெருக்குட்டிய எடுத்து வளக்கிறீகளா சார்? நல்ல மனசு" என்றார். பாராட்டத்தான் சொன்னார். இவருக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்கே வெள்ளைக் கம்பளி நூல் வாங்கி வந்தார். அவர் மனைவி, அந்த அக்கா, மிஷன் பள்ளிக்கூடத்தில் பின்னல் படித்தவர். கழுத்திலிருந்து வால் வரை, நூல் நூலாகத் தொங்குகிற மாதிரி ஒரு சட்டையை அவர் கையால் பின்னவைத்தார் வீட்டுக்காரர். தூரத்திலிருந்து பார்த்தால் நீள முடி மாதிரி தெரியுமாம். கேட் சத்தம் கேட்டால் போதும், நாய்க்குக் கம்பளி ஏறிவிடும். முடி வேண்டாம் என்று தேடி வாங்கிய அறிவாளி செய்த காரியம் இது.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முதலாளி வருவதாக இருந்தது. காலையிலேயே கம்பளியை மாட்டி, வாசலில் நாயைக் கட்டிவிட்டார். வெயில் ஏற ஏற அதற்கு மூச்சு இரைத்தது.

"அண்ணே, பாவம், கழட்டி விட்டுருங்க" என்றேன்.

"சார் ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும்மா."

முதலாளி மத்தியானம் வந்தார். நாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நாய் கால் மடங்கிச் சரிந்தது. நாக்கு நீலம் பாரித்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் மாடிப்படியில் பாதி இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பக்கமாத் தூக்கிட்டுப் போயிரும்மா. சார் பாத்துருவாரு" என்றார் தணிந்த குரலில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அந்த அக்காதான் தையல் கத்திரியோடு அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். தான் பின்னியதைத் தானே வயிற்றோரமாகக் கிழித்து எறிந்தார். நான் குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வெகுநேரம் கழித்து நாய் கண் திறந்து, தரையில் தேங்கிய தண்ணீரை நக்கியது.

அதற்குள் முதலாளியும் இறங்கி வந்திருந்தார். "இந்த வெயில்ல நாய்க்கு எதுக்கு கம்பளி?" என்றார்.

"லேடீஸ் ஆசைப்பட்டுப் போட்டுட்டாங்க சார்" என்று கூசாமல் சிரித்தார் வீட்டுக்காரர்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். நனைந்த நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஆமா சார். மிச்ச நூல் கிடக்கு. இவுகளுக்கும் ஒண்ணு பின்னிப் போட்டு, இதே இடத்துல கட்டி வைக்கணும்னு ஆசையா இருக்கு" என்றார்.