தண்ணி கடிக்குது

எங்கள் பக்கத்தில் உப்பளத்து ஆட்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் பேச்சு ஒன்று இருக்கிறது: "தண்ணி கடிக்குது." கால் வெடிப்பிலும் விரல் இடுக்கிலும் உப்புநீர் ஏறிச் சுள்ளென்று எரிவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதற்கு யாரும் பதறுவதில்லை. தேங்காய் எண்ணெய் தடவு என்பார்கள், அதையும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. என் ராத்தா, எனக்கு ஏழு வயது மூத்த அக்கா, இந்தப் பேச்சை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். ஆனால் அந்த வருஷம் அவள் சொன்னது நான் கட்டிய லைட்டுக்குக் கீழே இருந்த மீன்தொட்டித் தண்ணீரைப் பற்றி. அந்தத் தண்ணீருக்குள் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. டீவியும் ரேடியோவும் திருத்திச் சோறு தின்கிற எனக்கு மூன்று மாதமாக அது தெரியவில்லை.

தொட்டி மச்சானுடையது. ராத்தாவின் புருஷன். சண்டை முடிந்து கடல் திறந்துவிட்ட காலத்தில் கற்பிட்டிப் பக்கம் அலங்கார மீன் பிடிக்கிற சுழியோடியாக இருந்தார். சிலிண்டர் கட்டிக்கொண்டு போன ஒரு நாள் அவசரப்பட்டு மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் விழுந்துவிட்டது. அதன் பிறகு முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் அவர். ராத்தா உப்பளத்துக்குப் போய் வீட்டைப் பார்த்தாள். எட்டு மாதம் அவர் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் பழைய கூட்டாளிகள் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடுத்தடுத்த கிழமைகளில் கடல்தண்ணீர், மீன், உயிருள்ள பவளம் ஒட்டிய கற்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பவளம் உடைப்பது சட்டப்படி பிழை. இவை வலையில் மாட்டி வந்தவை என்று மச்சான் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

டியூப் லைட் வெளிச்சத்தில் பவளம் வெளுக்கத் தொடங்கியது. அதற்கு நடுப்பகல் வெயில் மாதிரி வெளிச்சம் வேண்டும், நீலம் கலந்திருக்க வேண்டும் என்றார் மச்சான். இதற்கென்று செய்த லைட்டுகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், எங்களால் நினைத்தும் பார்க்க முடியாது. நான் கட்டித் தருகிறேன் என்றேன். கேட்டவுடன் அல்ல, ஒரு பிளேன்டீயைக் குடித்து முடித்து, பெரிய கெட்டிக்காரன் மாதிரி தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான்.

அதைக் கட்டிய இரண்டு கிழமையும் எனக்குப் பெருநாள்தான். மதுரங்குளியில் யன்னல் சட்டம் அடிக்கிற கடையில் அகலமான அலுமினியத் துண்டு இரண்டு எடுத்தேன். கொழும்பிலிருந்து எல்.ஈ.டி. மணிகளை வரவழைத்தேன், முக்கால்வாசி நீலம், மிச்சம் வெள்ளை. ஒவ்வொன்றாகப் பசை தடவி ஒட்டி, ஈயம் வைத்து, வயர் இழுத்து, சூடு தணிக்க ஒரு பழைய கம்ப்யூட்டர் காற்றாடியையும் மேலே பூட்டினேன். தொட்டியின் விளிம்பில் உட்கார நாலு அலுமினியக் கால்கள். ஒரு குறை மட்டும் இருந்தது. மணிகளுக்குக் கரண்டை மட்டாக்கிக் கொடுக்கிற டிரைவர் இன்னும் வந்து சேரவில்லை. பவளம் வெளுத்துக்கொண்டே போனது, மச்சானின் முகமும்தான். என்னிடம் முற்றத்து விளக்கு ஒன்றிலிருந்து கழற்றிய மலிவு டிரைவர் இருந்தது. மெயின் கரண்டுக்கும் மணிகளுக்கும் இடையில் தடுப்பு எதுவும் இல்லாத வகை. வெளியே சுவரில் உயரத்தில் தொங்கும் விளக்குக்கு அது போதும், தண்ணீருக்கு மேலே வைக்கக்கூடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூட்டினேன், இப்போதைக்கு என்று.

போட்டவுடன் முன்னறை முழுக்க நீலமானது. வெளுத்திருந்த பவளத்தின் நுனிகளில் பச்சை மின்னியது. மச்சான் அழுதார். ராத்தா வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், தொட்டியைப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துச் சரியான டிரைவர் வந்தது. லைட்தான் நன்றாக எரிகிறதே என்று அதைப் பெட்டியோடு கடை அலுமாரியில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

பிறகு தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கியது. உப்பளத்துக்கு நல்ல காலம், மற்ற எல்லாவற்றுக்கும் கெட்ட காலம். தொட்டியின் நுரையும் காற்றில் வந்த உப்பும் சேர்ந்து அலுமினியக் கால்களில் வெள்ளையாகப் படிந்தன. உப்பளத்தில் விளைகிறது போதாதென்று வீட்டுக்குள்ளும் விளைகிறது என்று ராத்தா சிரித்தாள். அந்த உப்பு மணிகளின் ஈயம் வரைக்கும் மேலே ஏறியது. கீழே தண்ணீரையும் தொட்டது. மெயின் கரண்ட் இறங்கி வர ஒரு பாதை போட்டாயிற்று, போட்டது உப்பு, வழி விட்டது நான்.

அந்த வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தது ட்ரிப் சுவிட்ச். கரண்ட் எங்காவது கசிந்தால் வீடு முழுவதையும் அணைத்துவிடுகிற அந்தச் சின்னப் பெட்டி நாளுக்கு இரண்டு தரம் விழத் தொடங்கியது. எத்தாளையில் ஒரு கலியாணத்துக்கு எல்லோரும் போயிருந்த பகலில் அது விழுந்தது. தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டார் நின்று, நாங்கள் திரும்பி வரும்போது இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மச்சான் பழையபடி வாயை மூடிக்கொண்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உப்புக்காற்றுப் பட்டு ட்ரிப் சுவிட்ச் பழுதாகிவிட்டது என்று நானே தீர்ப்புச் சொன்னேன். ஏணி வைத்து ஏறி, அதைத் தாண்டி நேராக ஒரு வயரைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கரண்ட் நிற்கவேயில்லை. பார்த்தீர்களா என்று கையைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள்.

அந்தக் கிழமையே ராத்தா சொன்னாள், தொட்டித் தண்ணீர் கடிக்கிறது என்று. வற்றுகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவதும் கண்ணாடியில் பாசி துடைப்பதும் அவள் வேலை. உப்பளத்துக் கையை உப்புத் தண்ணீருக்குள் விட்டால் கடிக்காமல் கொஞ்சுமா என்று கேலி பண்ணினேன். அவளும் சிரித்தாள். சில நாள் கழித்துத் திரும்பவும் சொன்னாள்.

"உப்பளத்துல எரியுதுடா தம்பி. இங்க துள்ளுது."

இன்று யோசித்தால், இதைவிடத் தெளிவாக ஒரு எஞ்சினியரும் சொல்லியிருக்க மாட்டான். எனக்கு மண்டையில் ஏறவில்லை. என் வேலையில் குறை சொல்கிறாள் என்ற எரிச்சல்தான் வந்தது. நேராகப் போய்த் தொட்டிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டேன். ஒன்றுமில்லை. "பாத்தீங்களா ராத்தா, ஒண்டுமில்ல" என்றேன்.

என் காலில் இறப்பர் செருப்பு இருந்தது. கரண்ட் வேலைக்காரனுக்குச் செருப்புத்தான் உயிர், பழக்க தோஷத்தில் வீட்டுக்குள்ளும் அதோடு நடப்பேன். வாசலில் கழற்று, இது தொழுகிற வீடு என்று ராத்தா ஒவ்வொரு நாளும் ஏசுவாள். அவள் வெறுங்காலோடு, ஈரச் சீமெந்தில் நின்றுதான் கையை விடுவாள். மச்சானோ கதிரையை விட்டு எழும்பாதவர். என் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும், ஊரெல்லாம் போய் அதைப் பிடித்துப் பார்க்கிறவன் நான். அந்த லைட்டில் ஒரு தடவையும் பிடித்துப் பார்க்கவில்லை. ராத்தாவும் அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். கையை விடும்போது பல்லைக் கடித்துக்கொள்வதை மட்டும் கண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அங்கே சாப்பிடப் போனேன். ராத்தா எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்ற முன்னறைக்குப் போனாள். லைட்டின் ஒரு மூலை மங்கலாக எரிகிறது என்று மச்சான் அங்கிருந்து சொன்னார். உப்புப் படிந்துதான் மங்குகிறது என்று எனக்குத் தெரியும். சோற்றில் வைத்த கையை எடுக்கப் பஞ்சியாக இருந்தது.

"ராத்தா, ஈரத்துணியால அந்த உப்பத் துடைச்சி விடுங்க" என்றேன்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் முதலில் சுவிட்சை அணையுங்கள் என்று சொல்லியிருப்பேன். என் லைட்டுக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

அவள் கத்தவில்லை. மச்சான்தான் ஏதோ சொன்னார், வார்த்தையாக இல்லை, தொண்டையால். பிறகு அவருடைய தேத்தண்ணீர்க் கோப்பை சுவரில் பட்டு உடைந்தது. மீன் ஏதும் செத்திருக்கும் என்று நினைத்து, வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டு எழுந்தேன். ஒரு வாய்ச் சோறு மெல்லுகிற நேரம். அந்த நேரத்தை இன்று வரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

ராத்தா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை தொட்டித் தண்ணீருக்குள், மற்றக் கை ஈரத்துணியோடு அலுமினியத்தில். நீல வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. மீனைப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுடைய தாடை ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் கதிரையிலிருந்து விழுந்து, முழங்கையால் தரையை உந்தி உந்தி அவளிடம் ஊர்ந்துகொண்டிருந்தார். அவர் தொட்டிருந்தால் அவரும் போயிருப்பார். நான் பாய்ந்து சுவரில் இருந்த சுவிட்சை அடித்தேன். அறை இருண்டது. ராத்தா சத்தமில்லாமல் கீழே சரிந்தாள். யா அல்லாஹ், அந்தச் சத்தமில்லாமைதான் இன்னும் காதில் இருக்கிறது.

அவள் பிழைத்தாள். புத்தளம் ஆஸ்பத்திரியில் டொக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் ராத்தா சொன்னாள், வீட்டு வயர் பழசு என்று. அந்த வீட்டுக்கு வயர் இழுத்ததும் நான்தான், அதில் பழசு எதுவும் இல்லை. அலுமினியத்தைப் பிடித்திருந்த இடது உள்ளங்கை வெந்து ஆறியது, இரண்டு விரல் மடங்கவில்லை. உப்பு வாருகிற பலகையை அதற்குப் பிறகு அவளால் பிடிக்க முடியவில்லை.

அவளைக் கூட்டிவந்த அன்று ஏணி வைத்து ஏறி, ட்ரிப் சுவிட்சைப் பழையபடி பூட்டினேன். லைட்டைப் போட்டேன். விழுந்தது. திரும்பப் போட்டேன், திரும்பவும் விழுந்தது. அது பழுதாகவே இல்லை. அந்த லைட்டைத் துண்டு துண்டாகக் கழற்றினேன். பவளம் ஒரு மாதத்தில் வெள்ளையாகிச் செத்தது. மச்சான் தொட்டியை வெளியே தூக்கிவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிரைவர், வயர், செருப்பு, எல்லாம், அந்த ஒரு வாய்ச் சோற்றைத் தவிர. ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அது கரண்ட் மாதிரித்தான் இருந்திச்சி" என்றாள். "ஆனா நீ கட்டின லைட்டுத்தானே எண்டு விட்டுட்டன்."

இப்போது நான் எந்த வீட்டுக்குள்ளும் செருப்போடு போவதில்லை. போன நோன்புப் பெருநாளுக்கு இரண்டு பேரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். சோறு வைக்க முன்னால் பேசின் தட்டும் செம்புமாக ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். ராத்தாவிடம் வந்து செம்பைச் சாய்த்தேன். அவள் கையை நீட்டவில்லை. மடியில் வைத்த கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, தண்ணீரைக் கண்டால் இப்போது அப்படித்தான் என்று மச்சான் பிறகு என்னிடம் சொன்னார். நான் செம்பைத் திருப்பி முதலில் என் கையில் ஊற்றிக்கொண்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.