யோகமலர் வீட்டில் இருக்க வேண்டிய சனிக்கிழமை

ஒருவர் ஒரு பொறுப்புக்குச் சம்மதித்து ஒருதரம் "ஓம்" என்று சொல்லிவிட்டால், அந்த "ஓம்" எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? இது யோகமலர் என்னிடம் கேட்ட கேள்வி. நடந்ததைச் சொல்கிறேன்.

யோகமலர் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். கணவர் தவராஜாவுடன் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் பாதிப்பேர் பல்கலைக்கழக மாணவர்கள். வெள்ளி, சனி வந்தால் சுவர் அதிரும். விடிய வேலைக்குப் போகிறவர்கள் தலையணையைக் காதில் அமத்திக்கொண்டு படுப்பார்கள். பொலிசைக் கூப்பிட்டால் அயலோடு பகை. அதனால் குடியிருப்பவர்களின் வீட்டுச் சங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பார்ட்டி வைக்கிறவர்கள் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்த நாளில் சத்தம் தாங்காதவர்கள் முதலில் கட்டடத்தின் தொடர்பாளருக்குப் போன் எடுக்க வேண்டும். தொடர்பாளர் வீட்டில் இருந்து, தேவையென்றால் மாணவர்களோடு பேச வேண்டும். அவர் இல்லாவிட்டால் பதிவு செல்லாது.

யார் தொடர்பாளர் என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் குனிந்துகொண்டார்கள். அதுவரை அதிகம் முறையிட்டவர் யோகமலர்தான். சங்கத் தலைவி அவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தபடி ஓம் என்றார். நித்திரையைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்தது என்றுதான் அன்று நினைத்தார்.

பலன் இல்லாமல் இல்லை. சத்தம் குறைந்தது. மேல்மாடி எமில் என்ற மாணவன் அவரைக் கண்டால் சைக்கிளை நிறுத்திச் சுகம் விசாரித்தான். ஆனால் பார்ட்டி பதிந்த நாளெல்லாம் யோகமலர் வீட்டை விட்டு நகரவில்லை. கோயில் இல்லை, கலியாண வீடு இல்லை. குளிக்கப் போனாலும் போன் கூடவே போனது. மணமாகி வந்தபோதுகூட இப்படி வீட்டுக்குள் இருந்ததில்லை என்று தவராஜா பகிடி பண்ணுவார்.

இந்த நேரத்தில்தான் இன்னொரு நகரமான ஹேர்னிங்கில் இருக்கும் தம்பி சுபாங்கனுக்கு, பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு, பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் பேர் வைப்பு. குழந்தையின் காதில் மூன்று தரம் பேரைச் சொல்ல வேண்டியவர் மாமி, அதாவது தகப்பனின் சகோதரி. சுபாங்கனுக்கு இருப்பது ஒரே அக்கா. அந்தச் சனிக்கிழமையே எமில் ஆட்களின் பார்ட்டியும் முற்றத்தில் பதிவாகியிருந்தது.

தனக்குப் பதிலாக அன்று மட்டும் இருக்க ஆள் தேடி யோகமலர் கதவு கதவாகத் தட்டினார். ஒருவர் கோடைவீட்டுக்குப் போகிறாராம், ஒருவருக்குக் கால்வலி. நீங்கள்தான் நன்றாகச் செய்கிறீர்கள் என்று எல்லோரும் அன்பாகச் சொன்னார்கள். ஆட்களைக் கூப்பிட்டாயிற்று, இனித் தேதியை மாற்ற முடியாது என்று எமில் உண்மையாகவே வருந்தினான்.

"போனை நிப்பாட்டிப்போட்டுக் காரில ஏறும்," என்றார் தவராஜா.

"ஏலாதப்பா. ஆராவது அடிச்சு நான் எடுக்காட்டி, தமிழ் ஆக்களிட்டைப் பொறுப்பைக் குடுத்தா இப்பிடித்தான் எண்டு கதைப்பினம்."

"அவையள் கதைக்காயினம். கதைக்கிறது எங்கட சனம்தான்."

சுபாங்கன் மட்டும் பகிடி பண்ணவில்லை. "அக்கா, ஆற்றையோ பார்ட்டிக்குக் காவல் இருக்கப்போறியளோ?" என்று கேட்டான். பிறகு அவனே இறங்கி வந்தான். வீடியோ அழைப்பு எடுப்பதென்றும், போனைக் குழந்தையின் காதில் பிடிப்பதென்றும் முடிவாயிற்று.

அந்த நாள் வந்தது. தவராஜா பலகாரத்தோடு தனியே ஹேர்னிங் போனார். யோகமலர் புதுச் சீலை உடுத்து, யன்னல்களைப் பூட்டி, படுக்கையறையில் இருந்தார். முற்றத்துப் பாட்டு கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. போன் திரையில் ஐயர் தலையசைத்தார். பிறகு ஒரு சின்னக் காது தெரிந்தது.

"ஆரபி," என்றார் யோகமலர்.

அடுத்த தரம் சொல்ல வாய் திறக்கையில் இன்னொரு அழைப்பு வந்தது. கீழ்வீட்டு முதியவர் பிரெபென். எடுக்காமல் விட்டிருக்கலாம். விரல் பழக்கத்தில் போய்விட்டது.

பிரெபென் கோபமாக இல்லை. பாட்டு எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார். அது வாசல் அறிவித்தலிலேயே எழுதியிருந்தது. யோகமலர் சொன்னார். அவர் ஆறுதலாக, அவசரமில்லாமல் நன்றி சொல்லி, வெயிலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். இடையில் வெட்டிப் பேச யோகமலருக்கு வரவில்லை.

திரும்ப ஹேர்னிங்குக்கு எடுத்தபோது, சுபாங்கனின் மனைவியின் பெரியம்மா குழந்தையின் காதிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தியிருக்கிறார்.

"நான் ஒருக்காச் சொன்னனான், தம்பி."

"ஓமக்கா. பிள்ளைக்குக் கேட்டிருக்கும்," என்றான் சுபாங்கன். ஆனால் திரையைப் பார்க்கவில்லை.

யோகமலர் யன்னலைத் திறந்தார். கீழே நின்ற எமில் அவரைக் கண்டு கையசைத்தான். அவரும் கையசைத்தார். அதன் பிறகு அன்று வேறு யாரும் போன் எடுக்கவில்லை. ஆனாலும் பார்ட்டி முடியும்வரை அவர் சீலையை மாற்றாமல் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். அடுத்த கூட்டம் இலையுதிர் காலத்தில்தான். அதுவரை பொறுப்பு அவருடையது.

இதை வாசித்தவர்கள் உங்கள் கட்டடத்தில் ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அங்கேயும் யாரோ ஒருவர் இப்படி இருக்கக்கூடும். கேட்டவர்களில் ஒருவர் போய்க் கதவைத் தட்டி, "இந்தமுறை நான் பாக்கிறன், நீங்கள் உங்கட அலுவலுக்குப் போட்டு வாங்கோ" என்றால் போதும்.