ஃபர்வானியா மைதானத்தில் போட்ட கையெழுத்து

அந்தக் காகிதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பச்சை முத்திரை குத்தி, ஒரு பக்கம் முழுக்க அரபியில் அடித்த காகிதம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, குவைத்தின் ஃபர்வானியாவில் எங்கள் மைதானத்தின் நடுக்கோட்டில் நின்று, சுற்றிப் பத்துப் பேர் பார்த்திருக்க, நான் அதை உரக்கப் படித்தேன். ஊரில் மதரஸாவில் ஓதிய நாக்கு. எழுத்து தெரியும், ஏற்ற இறக்கம் தெரியும். பொருள் ஒரு வரிக்குக்கூடத் தெரியாது. குத்துமதிப்பாக ஓட்டினேன். "நம்ம பாய்க்குத்தான் அரபி தெரியுமே. சரியா இருக்கான்னு சொல்லு பாய், போட்டுரலாம்" என்றார் வெல்டர் அண்ணன். தெரியாது என்று சொல்ல வெட்கம். "சரியாத்தான் இருக்குண்ணே" என்றேன். முதல் கையெழுத்தை அவர்தான் போட்டார்.

அது மைதானமாகப் பிறந்ததல்ல. இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த இடம். இடத்துக்குச் சொந்தக்காரரான குவைத்திப் பெரியவர், விளையாடிக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னதோடு சரி. வாரத்தில் ஆறு நாள் சைட்டில் முதுகு ஒடிந்தவர்கள், கிடைத்த ஒரு நாளிலும் குனிந்து கல் பொறுக்கினோம். வெல்டர் அண்ணன் கம்பி வலையில் சல்லடை செய்து கண்ணாடிச் சில்லையெல்லாம் சலித்தெடுத்தார். சைட்டில் ஒதுக்கிப் போட்ட சாரக் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்து இரண்டு கோல் போஸ்ட் அடித்தார். ரூமுக்கு ரூம் ஏசித் தண்ணீரை வாரம் முழுக்க வாளியில் பிடித்து வைப்போம். புழுதி அடங்க அதைத் தெளித்த பிறகுதான் ஆட்டம். அண்ணன் ஆட்டத்தில் சுமார். பந்தை விட்டுவிட்டு ஆளை உதைப்பார், பிறகு அவரே தூக்கிவிட்டு மண்ணைத் தட்டிவிடுவார். அரியலூர்ப் பக்கத்து மனுஷன். இந்த ஊரில் தனக்கென்று இருப்பது அந்த இடம் ஒன்றுதான் என்று அடிக்கடி சொல்வார்.

அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர். ஆபீஸ் வேலை, இஸ்திரி கலையாத சட்டை, அரபிகளோடு அரபி மாதிரியே பேசுவார். சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி தருகிறார், எல்லாரும் கையெழுத்துப் போட்டால் மைதானம் நம்முடையது என்றார். அடுத்த மாதமே வேலியும் கேட்டும் பூட்டும் வந்தன. உள்ளே, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளுக்குச் செயலாளர் காசு வாங்கி நடத்தும் கோச்சிங். "டூட்டி சட்டையோட எல்லாம் இந்தப் பக்கம் வராதீங்கப்பா, பேரண்ட்ஸ் பார்க்கிறாங்க" என்றார் கூச்சமே இல்லாமல். காகிதத்தின் நகலை எங்கள் பக்கத்து மளிகைக்கடை எகிப்துக்காரர் படித்துச் சொன்னார்: இந்த இடத்தில் எங்களுக்கு உரிமை இல்லை, இனி வரமாட்டோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். அண்ணன் வேலிக் கம்பியைப் பிடித்தபடி, தான் அடித்த கோல் போஸ்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடமே விசாவைக் கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பழிவாங்குவதற்காக ஒருவன் மொழி படிப்பானா? நான் படித்தேன். வேலை முடிந்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பொருளோடு படித்தேன். பிறகு, அரபியில் மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அரபியைச் சரளமாகப் பேசும் நம் ஆட்களில் பலருக்கு அதில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. செயலாளரும் அப்படித்தான். இடத்துக்காரப் பெரியவர் காலமாகி, அவர் மகன் அனுமதியைப் புதிதாக எழுதிக் கொண்டுவரச் சொன்னபோது என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். "அட, தம்பி நீயா! நம்ம ஆளு இருக்கும்போது என்ன கவலை" என்றார். அனுமதியைப் புதுப்பிக்கும்படி அடிக்கச் சொன்னார். நான் வேறு அடித்தேன்: இந்த இடத்தை விட்டு விலகுகிறேன், பூட்டை எடுத்துவிடுங்கள், இங்கே குடியிருக்கிற யாரும் விளையாடலாம். கீழே விரலை வைத்துக் காட்டினேன். பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். பத்து நாளில் மகன் ஆள் அனுப்பிப் பூட்டை அறுத்தான். ஏமாந்தேன் என்று செயலாளர் வெளியே சொல்ல வேண்டுமானால், தனக்குப் படிக்கத் தெரியாது என்று சங்கத்தில் எழுந்து சொல்லியாக வேண்டும். வாயைத் திறக்கவில்லை.

பூட்டை அறுத்த அன்று மாலையே அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், பாராட்டுவார் என்றுதான்.

"அன்னிக்கு நீ படிச்சது உனக்கே வெளங்கலன்னு எனக்குத் தெரியும் பாய். மூஞ்சியிலேயே தெரிஞ்சுது."

"பின்ன ஏண்ணே கையெழுத்துப் போட்டிய?"

"சுத்தி அத்தன பேரு நிக்கிறானுவ. உன்ன வச்சுக்கிட்டு, இவனுக்குத் தெரியலடான்னு சொல்றதா? சின்னப்புள்ள நீ, கூனிப் போயிருவ. கேட்டு தொறந்திருக்குல்ல, போயி ஆடு போ."

செயலாளரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் இப்போது அவரோடு சேர்த்து, அன்று "சரியாத்தான் இருக்குண்ணே" என்று சொன்ன இன்னொருவனையும் மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் தொழுகைக்குப் போகிறேன். அது திறந்தே கிடக்கிறது. இதுவரை உள்ளே கால் வைக்கவில்லை.