போணி மட்டும் ஏறட்டும்

1930களின் நடுவில் ஒரு மழைக்காலம். மயிலாப்பூரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, மாம்பலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே கணவர் போய்விட்டார். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி. ஆயுசு முழுக்க அண்ணியின் அடுக்களையில் கிடக்கமாட்டேன் என்று அழுது அடம்பிடித்து, படித்து வாங்கிய வேலை அது. இன்னும் நிரந்தரமாகவில்லை. அது போனால் மறுபடியும் அதே அடுக்களைதான்.

மாம்பலத்துக்கு பஸ்ஸில் போவேன். முதலில் கோயில் குளத்துக்குப் பக்கத்திலிருந்துதான் பஸ் புறப்படும். ஜனங்கள் முண்டியடித்து ஏறுவார்கள், நானும் நடுவில் புகுந்து ஏறிவிடுவேன். குளத்தங்கரையில் வண்டிகள் நெரிகின்றன என்று கவுன்சிலில் தீர்மானம் போட்டு, பஸ் புறப்படும் இடத்தைச் சாந்தோம் பக்கமாக மாற்றினார்கள். கை தூக்கிய கனவான்களில் ஒருவர்கூட காலை பஸ்ஸுக்கு ஓடுகிறவர் இல்லை போலிருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை கிடையாது. நான் ஒருத்தி. குப்பத்திலிருந்து வருகிற ஒரு மீன்காரி, பூவரச மரத்தடியில் கூடையை இறக்கி இளைப்பாறிவிட்டுப் போவாள். மீன் கூடையை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், பாவம் நடைதான்.

முதல் நாள் படியில் கால் வைக்கப் போனேன். கண்டக்டர் கையைக் குறுக்கே வைத்தான்.

"கோச்சுக்காதம்மா. காலங்காத்தால மொத போணி. யார்னா ஒருத்தர் முன்னாடி ஏறட்டும், அப்பால நீ ஏறு."

விதவை கையால் முதல் காசு வாங்கினால் அன்றைக்கு வண்டி விளங்காதாம். வேறு யாரும் வரவில்லை. காலி பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. முதல் பஸ் மட்டும்தான் நேரத்துக்குக் கிளம்பும், அடுத்தது ஆள் நிரம்பினால்தான் நகரும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். மறுநாளும் அப்படியே ஆனபோது தலைமை ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, இந்த இடத்துக்கு வேறொரு பெண் காத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். பெட்ரோல் ஊற்றுகிறவனும் ஜாதகம் பார்த்துத்தான் ஊற்றுகிறானா என்று அந்தக் கண்டக்டரைக் கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் பிறகு எந்த நாளும் ஏற்றமாட்டான் என்று விழுங்கிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாளும் கை குறுக்கே வந்தது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். மரத்தடியிலிருந்த மீன்காரி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நேரே வந்தாள். என் கையிலிருந்த காசை வெடுக்கென்று பிடுங்கிக் கண்டக்டரிடம் நீட்டினாள்.

"இன்னா நைனா, போணிதானே உனுக்கு வோணும்? இந்தா புடி."

"ஐயே, கூடைய ஏத்தமாட்டேன், ஆத்தா."

"கூடையும் ஏற வோணாம், நானும் ஏற வோணாம். போணி மட்டும் ஏறட்டும். இப்ப டீச்சரம்மாவ ஏத்திக்கோ."

அவன் விழித்தான். எதிரே மீன், நல்ல சகுனம் வேறு. காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டு வழி விட்டான். ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். அவள் சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். காசு என்னுடையது, கை அவளுடையது. மீன் வாடை எனக்கு ஆகாது என்று நான் சொல்லாமலே தெரிந்துகொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துக் கூடையைத் தள்ளி வைப்பாள்.

ஒருநாள் கண்டக்டர் என்னிடம், "அந்தம்மாவுது ராசியான கை, டீச்சரம்மா. வண்டி நிக்காம ஓடிக்கினு கீது" என்று பெருமைப்பட்டான். மறுநாள் அதை அவளிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின் மெல்லச் சொன்னாள்.

"எம் புருசன் கடலுக்குப் போனவரு திரும்பல, டீச்சரம்மா. நானும் உன்ன மாதிரிதான். தலைல கூடை கீதுன்னா நெத்திய எவன் பாக்குறான்?"

செதில் ஒட்டியிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் வராத அன்னிக்கு அவன்கிட்ட இத்த சொல்லிடு" என்றாள்.

அந்த நாளும் வந்தது. மகளின் பிரசவத்துக்காகப் பாலவாக்கம் போயிருந்தாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பூவரச மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் கை குறுக்கே வருவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"அவளுக்கும் ஆம்படையான் இல்லப்பா. கடல்ல போயிட்டார். இத்தனை நாளா நீ கண்ணுல ஒத்திண்டது அவ கைக் காசைத்தான்."

டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். கண்டக்டர் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். குறுக்கே அல்ல, என் முன்னால், உள்ளங்கையை விரித்து.

"குடும்மா" என்றான். வாங்கியதை வழக்கம்போலவே கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வேலை நிலைத்தது, பென்ஷன் வாங்கும்வரை பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். எந்த வண்டியிலாவது முதல் ஆளாக ஏறும்போது இன்றைக்கும் எனக்கு மீன் வாடை அடிப்பதுபோல் இருக்கும், அது எனக்கு ஆகாது என்று இப்போதெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை.