நாவில் வைத்துத் தேர்ந்த சவர்க்காரம்

நேற்று மகள் பரிசாகத் தந்த, கையால் செய்த சவர்க்காரத்தின் உறையைப் பிரித்து முகர்ந்ததும் என் நாவின் நுனி தானாகவே கூசிற்று.

அறுபதுகளில் தாராவியில் எங்கள் ஒற்றையறை வீட்டுக்குக் கடைச் சவர்க்காரம் கட்டுப்படியாகவில்லை. மாட்டுங்கா உணவகமொன்றில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கிவந்து, எரிசோடாக் கரைசல் சேர்த்துக் கிண்டி, தாயார் தாமே துணிச் சவர்க்காரம் செய்தார். தட்டில் உறைந்ததை நாள்தோறும் காலையில் ஒரு துணுக்கு கிள்ளி நாவில் வைத்துப் பார்ப்பார். நாவைச் சுட்டால் காரம் அடங்கவில்லை என்று பொருள். துணியை அது அரித்துவிடும்.

ஒருமுறை, சவர்க்காரம் இன்னும் தட்டில் இருக்கையில், தந்தையாருக்கு மறுநாள் எழுத்தர் வேலைக்கான நேர்காணல். அவருடைய ஒரே வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டை அழுக்கேறியிருந்தது.

"சோப்ப எடு, தொவைச்சிருவோம்."

"இன்னும் நாக்கக் கடிக்கி. நாலு நாளு பொறுங்க" என்றார் தாயார்.

தந்தையார் தாமே ஒரு துணுக்கை நாவில் வைத்தார். "எனக்கு ஒண்ணும் கடிக்கலியே!"

"அப்பம் கண்ணுல எதுக்குத் தண்ணி நிக்கி?"

தாயார் இசையவில்லை, அந்த உறுதியை இன்றும் வியக்கிறேன். கழுத்துப்பட்டையைப் பிரித்து, உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பித் தைத்தார். சட்டையை வெந்நீரில் அலசி உலர்த்தி, நெருப்புக் கங்கு நிரப்பிய செம்பின் அடியால் தேய்த்துக் கொடுத்தார். வேலை கிடைத்தது.

ஐந்தாம் நாள் சவர்க்காரம் நாவைச் சுடவில்லை. அப்போதும், தந்தையாரின் சட்டையைத் தொடும் முன், தம்மிடமிருந்த ஒரே நல்ல சேலையின் முந்தானையை அதைப் போட்டுத் துவைத்து, துணி கெடாமல் உலரும்வரை காத்திருந்தார்.